வாதமா, விதண்டாவாதமா?

எங்கள் சமய வகுப்பில் படிவம் 4 படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். தேவாரம் பிசகாமல் பாடுவான். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்காமல் வீட்டுக்குப் போக மாட்டான். 2022-இல், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டான்: "அண்ணே, உலகம் உருண்டைன்னு நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

மொத்த வகுப்பும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அவன் விடவில்லை. கைப்பேசியில் பார்த்த காணொளிகளை வைத்துக்கொண்டு அடுக்கினான். தூரத்தில் போகிற கப்பலின் அடிப்பாகம்தானே முதலில் மறைகிறது என்றால், "நல்ல கேமரா வெச்சு ஸூம் பண்ணா திரும்பத் தெரியுதுண்ணே" என்கிறான். விண்வெளியில் எடுத்த படம் என்றால், "அது கம்ப்யூட்டர்ல செஞ்சது." எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் வரை படித்தவன், வகுப்புக்கே அண்ணன், பதினாறு வயசுப் பையனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உடனே நம்மில் நிறைய பேர் கையில் எடுக்கிற அந்த ஆயுதத்தை நானும் எடுத்தேன்.

"நம்ம முன்னோருங்க அப்பவே சொல்லிட்டாங்கப்பா. பூகோளம்னு சொல்றோமே, கோளம்னாலே உருண்டைதான். ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதிட்டாரு. நீ என்னடான்னா வெள்ளைக்காரன் வீடியோவ பாத்துட்டு வந்து பேசுற."

கைதட்டல் கிடைத்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான், கையில் அச்செடுத்த தாள்களோடு. விஷ்ணு புராணத்தில் உலகத்தை விவரிக்கும் பகுதி. நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி ஜம்புத் தீவு, அதைச் சுற்றி உப்புக் கடல், அப்படியே வளையம் வளையமாக ஏழு தீவும் ஏழு கடலும். "இதுவும் நம்ம முன்னோருங்க சொன்னதுதானேண்ணே? இது தட்டையாத்தானே இருக்கு?"

எனக்கு அந்தப் பகுதி முன்பே தெரியும். தெரிந்தேதான் விட்டுவிட்டேன். உலகம் உருண்டை என்ற என் முடிவு சரி. ஆனால் சரியான முடிவுக்குப் போவதற்காகப் பாதியை மறைத்துப் பேசலாமா? இதுதான் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடாத கேள்வி. உலகத்தின் வடிவத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் என் மேல்தான்.

கௌதமர் எழுதிய நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது வாதம். எப்படியாவது ஜெயித்தால் போதும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கை இல்லாமல் எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டே போவது விதண்டை. வீட்டில் அம்மா "விதண்டாவாதம் பண்ணாத" என்று திட்டுவார்களே, அதே விதண்டைதான். தம்பி பார்த்த காணொளிகள் அந்த ரகம். எல்லாவற்றையும் பொய் என்கின்றன. இங்கே இருட்டின பிறகும் சென்னையில் ஏன் இன்னும் வெயில் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. சரி, நான் பேசியது என்ன? சந்தேகமே இல்லாமல் ஜல்பம்.

இதே விஷயத்தில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் ஒருவர் நம் ஊரோடு சம்பந்தப்பட்டவர். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், இயற்கை அறிஞர். 1854-இல் சிங்கப்பூர் வந்து இறங்கி, மலாக்காவுக்குப் போய், குனோங் லேடாங் மலையில் ஏறியவர். ஊருக்குத் திரும்பிய பிறகு, 1870-இல், உலகம் தட்டை என்று நம்பிய ஹாம்ப்டன் என்பவர் 500 பவுன் பந்தயம் கட்ட, வாலஸ் ஒத்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஆறு மைல் நேராக ஓடும் ஒரு கால்வாய். இரண்டு முனையிலும் நடுவிலும் தண்ணீருக்கு மேல் ஒரே உயரத்தில் அடையாளங்கள். தொலைநோக்கியில் பார்த்தால் நடுவில் இருந்தது மேலே தூக்கித் தெரிந்தது. தண்ணீர் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவர் பணத்தை வாலஸுக்கே கொடுத்தார்.

ஹாம்ப்டன் என்ன செய்தார் தெரியுமா? தொலைநோக்கியில் கண்ணையே வைக்கவில்லை. தன் நண்பர் பார்த்துச் சொன்னால் போதும் என்றுவிட்டார். நண்பரோ உலகம் தட்டைதான் என்று அடித்துச் சொன்னார். பிறகு பல வருஷம் வாலஸைத் திட்டி ஊரெல்லாம் கடிதம், வாலஸின் மனைவிக்கு மிரட்டல், அவதூறு வழக்கு, சிறை. பந்தயம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லி, பணமும் ஹாம்ப்டனுக்கே திரும்பிப் போனது. உண்மை வாலஸ் பக்கம்தான் இருந்தது. ஆனால் 500 பவுனை நடுவில் வைத்த நிமிஷமே அது வாதமாக இல்லாமல் போய்விட்டது. என் விஷயத்தில் பணம் இல்லை, கைதட்டல் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வானியல் அறிஞர்கள் இதை எப்படிப் பேசினார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், 'பூமி தட்டையாகத் தெரிகிறதே' என்பவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆமாம், தெரிகிறது என்று ஒத்துக்கொள்கிறார். பெரிய வட்டத்தின் நூற்றில் ஒரு பங்கு நேர்கோடு போலத்தான் தெரியும், மனிதன் மிகச் சிறியவன், அதனால் அவன் பார்க்கும் கொஞ்சம் இடம் சமமாகத் தோன்றுகிறது என்று காரணம் சொல்கிறார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற ஆரியபட்டரின் கருத்தைப் பிரம்மகுப்தர் மறுத்தார் என்பதையும் படித்தேன். அதில் பிரம்மகுப்தர் சொன்னதுதான் தப்பு. தப்பாகச் சொன்னவரும் நம்ம முன்னோர்தானே! ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்த்தவர்களை நாம்தான் "அப்பவே சொல்லிட்டாங்க" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

நவம்பர் 8-ஆம் தேதி முழு சந்திர கிரகணம். அதற்கு முந்தின ஞாயிறு, வகுப்பு முன்னால் நின்று, "அன்னைக்கு நான் சொன்னது பாதிதான். தம்பி கொண்டுவந்தது மீதிப் பாதி" என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கிரகணத்தன்று சாயங்காலம் ஒரு தட்டும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தான். கிரகணத்துக்காகக் கோயில் நடை சாத்தியிருந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். ஏழே முக்கால் இருக்கும், மேகத்துக்கு நடுவே நிலாவின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. நிழலின் விளிம்பு வளைந்து தெரிந்தது.

"தட்டோட நெழலும் வட்டம்தானேண்ணே?" என்றான். கைப்பேசி விளக்கை அவன் கையிலேயே கொடுத்தேன். நேராகக் காட்டினான், சுவரில் வட்டம். நிலா அப்போதுதான் கிழக்கே ஏறுகிறது, மேற்கே சூரியன் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே மாதிரி வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி தட்டைத் திருப்பச் சொன்னேன். சுவரில் ஒரு கோடு. எலுமிச்சம்பழத்தை எப்படித் திருப்பினாலும் வட்டம். நாலைந்து தடவை செய்து பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

"உருண்டைதான் போலண்ணே" என்றான் கடைசியில். பிறகு கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தான். "பூமியோட நெழல்தான்னா, ராகு விழுங்குறாருன்னு ஏன் சொல்றாங்க? கோயில ஏன் சாத்துறாங்க?"

வாயில் ஒரு பதில் தயாராக வந்தது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையா என்று எனக்கே தெரியாது. விழுங்கிவிட்டேன்.

"எனக்குத் தெரியலடா. வெள்ளிக்கிழமை குருக்கள் ஐயாகிட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்போம். அவரு சொல்றத எழுதிட்டு வந்து வகுப்புல படிப்போம்."

"முழுசாப் படிப்பீங்களாண்ணே?" என்றான்.