தரப்புள்ளி யாருடையது?

ஒருவரின் ஆற்றலுக்கு ஓர் எண் தரப்படும்போது, அந்த எண் அவருக்குள் இருக்கும் குணத்தைக் குறிக்கிறதா, பிறரோடு அவருக்கு ஏற்பட்ட உறவை மட்டும் குறிக்கிறதா என்பது தத்துவத்தில் பழைய வினா. சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களுக்கு, அதாவது செஸ் என்ஜின்களுக்கு, தரப்புள்ளி கணக்கிடும் மென்பொருள்கள் அவ்வினாவைப் புதிய தெளிவோடு எழுப்புகின்றன. மனிதரை அளக்கும்போது பெருமிதமும் தாழ்வுணர்ச்சியும் குறுக்கிடுகின்றன. என்ஜினுக்கு அவை இல்லாததால், அளவீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அங்கே கலப்பின்றிக் காணலாம்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயற்பியலாளர் அர்பாத் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்ட முறையில், இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகளும், 400 வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 91 புள்ளிகளும் பெறுவார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. வேறுபாட்டுக்கே இங்கே பொருள் உண்டு. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஆயிரம் புள்ளி கூட்டினாலும் கணிப்பு எதுவும் மாறாது. பிரான்ஸின் ரெமி கூலோம் எழுதிய பேயஸ்எலோ, மிகுவேல் பல்லிகோரா எழுதிய ஓர்டோ போன்ற மென்பொருள்கள், கோப்பில் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, நடந்த முடிவுகளோடு மிகவும் பொருந்தும் எண்களைத் தேடிக் கண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற பிழை எல்லையையும் எழுதுகின்றன.

தோல்வியோ டிராவோ இல்லாமல் வெற்றி மட்டும் கொண்ட ஒருவரை இக்கணக்கால் அளக்க முடிவதில்லை. 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில், இந்திய வீரர் தொ. குகேஷ் தம் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். அந்த எட்டை மட்டும் தனியே கணக்கிட்டால், எவ்வளவு உயர்ந்த எண்ணைக் கொடுத்தாலும் அதனினும் உயர்ந்தது இன்னும் நன்றாகப் பொருந்தும். எண் முடிவின்றி ஏறிக்கொண்டே போகும். இதைத் தவிர்க்கவே பேயஸ்எலோ சில கற்பனை டிராக்களை முன்கூட்டிச் சேர்த்துக்கொள்கிறது. குகேஷ் ஒன்பதாம் சுற்றில் டிரா செய்து, பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்ற பிறகே, அத்தொடரில் அவர் ஆட்டத்துக்கு எல்லையுள்ள ஓர் எண் கிடைத்தது. அளக்கப்படுவதற்குப் பிறர் தடுத்து நிறுத்திய இடம் ஒன்று வேண்டும்.

அதேபோல், தம்முள் ஆடாத இரு கூட்டங்களின் எண்களை ஒப்பிட இயலாது. என்ஜின் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3600ஐத் தாண்டி நிற்பதும், மனித வீரர் மாக்னஸ் கார்ல்சன் 2014இல் 2882ஐத் தொட்டதும் வெவ்வேறு கூட்டங்களில் பிறந்த எண்கள். ஒரே என்ஜினும் எதிராளிகளோ நேர வரம்போ மாறினால் வேறு எண் பெறும். இந்தியத் தத்துவப் பள்ளிகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் இதற்கு ஒத்த ஒன்றைச் சொன்னார்கள்: ஒருமை பொருளிலேயே உள்ளது, இரண்டு முதலான எண்கள், பலவற்றை ஒருசேர நோக்கும் அறிவாகிய அபேட்சா புத்தியைச் சார்ந்து தோன்றுகின்றன, ஆயினும் அவை பொய்யல்ல. தரப்புள்ளியும் அத்தகையதே. அதை உள்ளிருக்கும் சாரம் என்பது ஒரு பிழை. வெறும் கற்பனை என்று தள்ளுவது மற்றொரு பிழை.

இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் வழியை, மாமல்லபுரம் அமைந்த செங்கல்பட்டு வட்டாரத்துக்கு மிக நெருக்கமான ஆசாரியரிடம் காணலாம். அவ்வட்டாரத்து மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் வைணவ தீட்சையாகிய பஞ்ச சம்ஸ்காரம் பெற்ற இராமானுசர், கீதைக்கு எழுதிய உரையில், ஆன்மாக்கள் யாவும் அறிவையே வடிவாகக் கொண்டவை ஆதலால் சமமென்றும், ஏற்றத்தாழ்வு சடப்பொருளாகிய பிரகிருதியைச் சேர்ந்ததென்றும் விளக்குகிறார். ஆன்மாவின் சொரூபம் மாறாதது. அதன் பண்பாகிய தர்மபூத ஞானம் வினைக்கேற்பச் சுருங்கும், விரியும். ஆகவே அவருடைய விசிட்டாத்வைதத்தில் வேற்றுமை மாயையன்று, மெய்யே. ஆனால் அது ஆன்மாவின் சொரூபத்தைத் தொடுவதில்லை.

அதே வட்டாரத்துச் சிங்கப்பெருமாள் கோயிலில் இக்கருத்து வழிபாடாகவே வாழ்கிறது. குன்றைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்க, அர்ச்சகர் தீபத்தை உயர்த்தி நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. சிங்கப்பெருமாள் கோயில் அவற்றுள் இல்லை. ஆழ்வார்கள் எத்தலங்களைப் பாடினார்கள் என்பதை அப்பட்டியல் உண்மையாகவே பதிவுசெய்கிறது. பாடப்படாத தலத்தில் பெருமாளின் நிறைவு குறைந்தது என்று எந்த வைணவரும் அதிலிருந்து முடிவுகட்டுவதில்லை.

சதுரங்கப் பயிற்சி பரவிவிட்ட இன்றைய தமிழகத்தில், குழந்தையின் தரப்புள்ளியைக் குழந்தையின் மதிப்பாகவே எண்ணும் பெற்றோருக்கு எண்ணுக்கும் சொரூபத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு மிகத் தேவையானது. பூஞ்சேரி ஒலிம்பியாடிலேயே, சராசரித் தரப்புள்ளியின்படி பதினான்காம் இடத்தில் தொடங்கிய உஸ்பெகிஸ்தான் அணியே பொதுப் பிரிவில் தங்கம் வென்றது. ஒவ்வோர் எண்ணோடும் தன் ஐயத்தையும் சேர்த்து எழுதும் மென்பொருள், அளப்பவருக்குரிய அடக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. பிள்ளைகளை அளப்பவர்களுக்கும் அவ்வடக்கம் கடமையே. எண், ஆடி முடித்த ஆட்டங்களுக்கு உரியது. ஆடியவரை அந்த எண்ணாக்கிவிடும் உரிமை எந்தக் கணக்குக்கும் இல்லை.