வாங்கிய காசும் செய்த சத்தியமும்

தேர்தல் முடிந்து பத்து நாட்கள் ஆகியிருக்கும். லுஹர் தொழுதுவிட்டு வீடு திரும்பிய நம்மைத் தேடி, நம் மஹல்லாவைச் சேர்ந்த வயதான ஒரு பெண்மணி வந்தார். வாசல் திரைக்கு அப்பால் நின்றபடியே, "ஹஜரத், ஓட்டுக்கு 500 ரூபாய் வாங்கிட்டேன். வந்தவங்க குர்ஆன் மேலே சத்தியம் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். ஆனா உள்ளே போனதும் மனசு கேட்கலை. நல்லவர்னு பட்ட வேற ஒருத்தருக்குப் போட்டுட்டேன். சத்தியத்தை முறிச்ச வீடு விளங்குமான்னு பிள்ளைங்க ஏசுறாங்க" என்று அழுதார்.

காசு கொடுத்தவர் அழவில்லை; சத்தியம் வாங்கியவரும் அழவில்லை. இறையச்சம் உள்ள இந்த ஏழைதான் அழுகிறார். சிந்தித்துப் பார்த்தால் இந்த வியாபாரமே இவரைப் போன்றோரை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மனம்போல் போடுகிறவனை எந்தச் சத்தியம் கட்டும்? ஒரு பாவத்துக்குக் காவலாக அல்லாஹ்வின் வேதத்தையே நிறுத்துகிறார்களே, அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது.

ஓட்டு என்பது ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம் என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். 'இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர்' என்று நாம் சொல்லும் சாட்சி அது. சாட்சி நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனத்தின் கருத்து. உலக லாபத்துக்காக மட்டுமே தலைவரிடம் பைஅத் செய்து, கொடுத்தால் நிறைவேற்றி, கொடுக்காவிட்டால் கைவிடுகிறவனை, மறுமையில் அல்லாஹ் பேசாத மூவரில் ஒருவனாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியது புகாரியில் இருக்கிறது.

"அன்பளிப்பாகத்தானே தந்தார்கள்?" என்பார்கள் சிலர். ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர், 'இது எனக்கு வந்த அன்பளிப்பு' என்று ஒரு பங்கை ஒதுக்கியபோது, தாய் தந்தையின் வீட்டிலேயே இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்றல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள்! தேர்தல் இல்லாத மாதத்தில் அந்த 500 ரூபாய் நம் வாசலுக்கு வருமா?

1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. இந்தப் பெண்மணிக்கு அன்று ஓட்டு இருந்திராது. அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவுதான் அவரையும் செல்வந்தரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ, யாருக்கு ஓட்டளித்தாய் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஓட்டு போடும் இடத்திலே அவர் மனம் சுதந்திரமாய்ப் பேசியது அந்த இரகசியத்தின் பலனே. 2019இல் வேலூர்த் தொகுதியில் பணப் புழக்கத்தால் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி மறுபடி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம்மைப் போன்ற ஆலிம்களுக்கும் இதில் பங்குண்டு. 'இன்னாருக்குப் போடாவிட்டால் அல்லாஹ்வின் கோபம் இறங்கும்' என்று மிம்பரில் நின்று அச்சுறுத்துவதும் அதே சட்டப்படி தேர்தல் முறைகேடே. குர்ஆனைக் காட்டிச் சத்தியம் வாங்குவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பது நம் கருத்து.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். பாவத்துக்காகச் செய்த சத்தியத்தை முறிப்பதே கடமை. முறித்தபின் கஃப்பாரா கொடுக்க வேண்டும். அல்மாயிதா 89ஆவது வசனப்படி பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும்; இயலாதவர் மூன்று நோன்பு நோற்க வேண்டும். ஓட்டை மாற்றிப் போட்டதில் அவர் மீது பாவமில்லை. காசை வாங்கியதற்குத்தான் தவ்பா செய்ய வேண்டும். அதைக் கொடுத்தவரிடமே திருப்பித் தரச் சொன்னோம்.

மறுநாள் மீண்டும் வந்தார். "தேர்தல்தான் முடிஞ்சு போச்சே, இதை எந்தக் கணக்குலே எழுதுறது?" என்று சிரித்து, வாங்க மறுத்துவிட்டார்களாம். அப்படியானால் நன்மையை எதிர்பாராமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றோம். பத்துப் பேருக்குச் சோறிட அவருக்கு வசதி இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து நோன்பு வைப்பதாகச் சொல்லிப் போனார்.