ஈட்டுமுன் எண்ணுவோம்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் இல்லங்கள்தோறும் ஒரே பேச்சுத்தான். எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? எவ்வளவு ஊதியம் வரும்? இவ்வினாக்கள் தவறானவை அல்ல. இல்லறத்தார்க்குப் பொருள் இன்றியமையாதது. ஆனால் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அப்பொருள் பிற உயிர்களுக்கு எத்துணைத் துன்பம் விளைத்து வருகிறது என்பதே அது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், இவ்வினாவை நம் மாணவரிடம் கேட்கிறோமா? கேட்டாலும், அஞ்சாது விடை கூறும் நிலையில் அவர்களை வைத்திருக்கிறோமா?

இதனை ஆராயச் சிவகாசியை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நமக்கு அது தொலைவான ஊர். தீபாவளியை மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகப் போற்றி விளக்கேற்றும் நாம், வெடியைத் தவிர்க்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆதலின், "அத்தொழில் தீது, அதை விட்டொழிக்க வேண்டும்" என்று கூறிவிடுதல் நமக்கு எளிது. எளிதாக இருப்பதாலேயே அத்தீர்ப்பைச் சற்று நிறுத்திவைத்துச் சிந்திக்க வேண்டும்.

அது மழை பொய்க்கும் கரிசல் பூமி. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர்ப் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிந்தது இத்தொழில்களால்தான். அவற்றுள் பட்டாசுத் தொழில் உயிர்களையும் கொண்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மருந்து கலக்கும் அறைக்குள் செல்வோர் இடர் அறியாது செல்வதில்லை. வேறு வழியின்றிச் செல்கின்றனர்.

உழவிலும் சிற்றுயிர்கள் மடிகின்றன. நம் குதிரில் உள்ள நெல்லும் இம்சை கலவாதது அன்று. ஆதிபகவன் வகுத்தருளிய அறுதொழில்களுள் உழவோடு வாளும் இடம்பெற்றுள்ளது. எனவே தொழிலின் பெயரைக் கேட்டே அதில் உழைப்பவரைப் பழித்தல் நெறியாகாது. தொழிலால் வரும் இம்சையைக் குறைப்பதும், தவிர்க்கத் தக்கதைத் தவிர்ப்பதுமே இல்லறத்தார்க்கு உரிய கடமை. தவிர்ப்பதற்கோ, தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். மாதக் கடைசியில் அரிசிக்குக் கடன் கேட்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அவ்வுரிமை ஏது?

இவ்வுண்மையை உச்ச நீதிமன்றமும் உணர்ந்தது. சிவகாசிச் சிறார் உழைப்பு வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. இடர்மிகு தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் உரிமையாளர் 20,000 ரூபாயை நலநிதியில் செலுத்த வேண்டும் என்றது. அதன் வருவாய் மட்டும் போதாது என்றறிந்து, குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை தரவேண்டும், இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் பணித்தது. பிள்ளையைத் தொழிற்கூடத்தினின்று மீட்க அறவுரை போதாது, கையில் முதலும் வேண்டும் என்பதே இதன் கருத்து. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 18 வயது நிரம்பாதவரை இத்தகைய தொழில்களில் அமர்த்துவதைத் தடுத்தது.

அம்முதலைச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் வழியையும் அம்மண்ணே காட்டியது. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்தது. அங்குப் பயின்ற காமராசர், தந்தையை இழந்தமையால் படிப்பைப் பாதியில் விட்டு மாமனின் துணிக்கடையில் அமர நேர்ந்தது. அவரே முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் அளித்தார். 2023இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.85 விழுக்காடு பெற்று மாநிலத்தில் முதலிடம் கொண்டதும் விருதுநகர் மாவட்டமே.

ஆகவே மாணவச் செல்வங்களே, சேமிப்பைக் கஞ்சத்தனம் என்று எண்ணாதீர். பத்து வயது நிரம்பியவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். அங்குத் தொடர்வைப்பில் மாதம் 100 ரூபாய் செலுத்தினால், ஐந்தாண்டில் 6,000 ரூபாயும் வட்டியும் சேரும். தொகை சிறிது, பழக்கம் பெரிது. கல்விக்கடன் பெறுவோர், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை முன்னரே கணக்கிடுக. கல்லூரிக் கட்டணத்தோடு விடுதி, நூல், பயணச் செலவுகளையும் பெற்றோருடன் அமர்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். பட்டப்படிப்பு ஒன்றே வழியன்று. தொழிற்பயிற்சி நிலையமும் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் மதிப்புக்குரிய வாயில்களே.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். மிகுபொருள் விரும்பாமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. கல்விக்கும் நோய்க்கும் முதுமைக்கும் என அளவிட்டுச் சேர்ப்பது அவ்விரதத்திற்கு மாறன்று. ஆடம்பரத் திருமணத்திற்குக் கடன்பட்டு, அதை அடைக்கப் பிள்ளையின் முதல் ஊதியத்தை எதிர்நோக்குவதே மாறு. கடன் சுமந்த இளைஞன் கிடைத்த வேலையை மறுக்க இயலான். மனம் கூசும் பணியையும் ஏற்பான்.

"இத்தொழில் எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் துணிவு நூல்களைப் படிப்பதால் மட்டும் வருவதில்லை. வீட்டில் ஆறு மாத உணவுக்கு வழியிருந்தால் அது எளிதில் வரும். அந்த ஆறு மாதத்தை நம் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைப்போம். நம் வயலில் உழைக்கும் கூலியாளின் பிள்ளைக்கும் ஒரு பிடி எடுத்துவைப்போம். கொல்லாமை அங்கே தொடங்கட்டும்.