மருந்தும் அபயமும்

அன்னம், அபயம், அவுடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழித்துப் பிறக்குமாயின் நாம் என் செய்வது? மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து இவ்வினாவை எழுப்புகிறது.

தன்னுடையது எது, அயலானது எது எனப் பிரித்தறிவது உடலின் இயல்பு. பிறர் உறுப்பைப் பொருத்தினால், குருதியின் வெள்ளணுக்கள் அதனைப் பகையெனக் கொண்டு அழிக்கின்றன. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு கரு இரட்டையர் என்பதே அதற்குக் காரணம். அத்தகைய உடன்பிறப்பு இல்லாதோர்க்கு வழி என்ன?

அவ்வழி நாய்களின் உடலில் தேடப்பட்டது. இரத்தப் புற்றுக்குத் தரப்பட்ட 6-மெர்காப்டோபியூரின், நாய்களுக்குப் பொருத்திய சிறுநீரகத்தின் வாழ்நாளை நீட்டுவதை 1960-இல் இங்கிலாந்தின் ராய் கால்னே கண்டார். பின்னர், ஹிட்சிங்ஸ், எலியான் ஆகியோரின் ஆய்வகம் தந்த அசதியோபிரினும் பாஸ்டனில் நாய்களிடமே ஆராயப்பட்டது. அம்மருந்தின் துணையால், 1962-இல் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் பிறிதொருவர் உடலில் ஓராண்டுக்கு மேல் இயங்கிற்று. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரினும் விலங்குகளிடம் சோதிக்கப்பட்ட பின்னரே 1978-இல் கேம்பிரிட்ஜில் சிறுநீரக நோயாளர்க்கு அளிக்கப்பட்டது.

ஆக, அவுடதம் கிடைத்தது. அந்நாய்களுக்கோ அபயம் மறுக்கப்பட்டது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியிலும் தீவினை வந்து சேரும் என்பது நாம் அறிந்ததே. நோயாளி அத்துன்பத்தைச் செய்தாரல்லர்; செய்வித்தாருமல்லர். மருந்தை ஏற்பது உடன்படுதல் ஆகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. நடந்து முடிந்த துன்பத்தின் பயனைப் பெறுதல் வேறு. அத்துன்பத்தை நன்றென மனத்தால் ஒப்புதல் வேறு. மருந்தை மறுப்பதால் மாண்ட உயிர் மீளாது. ஒருவர் அன்புடன் ஈந்த உறுப்பும் அழியும். பெற்றவர் உயிருக்கும் இடர் நேரும். ஆகவே, ஐயுற்று ஒரு வேளை மருந்தையும் விடுதல் தகாது. ஆனால் "நாய்தானே!" என்று நாம் சொல்லும் கணத்தில் உடன்பாடு பிறந்துவிடுகிறது.

இன்று நாம் வாங்கும் மருந்து நாளைய சோதனைகளுக்கு ஊக்கமாகாதா எனச் சிலர் வினவலாம். அதில் உண்மை உண்டு. அதனாலேயே நம் கடமை மருந்தை விழுங்குவதோடு முடிவதில்லை. புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை 2022-இல் அமெரிக்கச் சட்டம் நீக்கியது. ஆய்வகத்தில் வளர்த்த மனித உயிரணுக்களைக் கொண்டும், கணிப்பொறி கொண்டும் ஆராயும் முறைகள் வளர்ந்து வருகின்றன. விலங்குகளின் துன்பத்தை இவை இன்னும் முற்றிலும் நீக்கவில்லையெனினும், குறைக்கும் திசையில் செல்கின்றன. மருத்துவமும் மருந்தியலும் பயிலும் நம் இளைஞர்கள் இத்துறையை நாடுவார்களாயின், அதனினும் சிறந்த அறம் வேறில்லை.

ஏனையோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மருந்தால் உயிர் பிழைத்த இல்லம், தெருவில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு நாய்க்கேனும் அடைக்கலம் தரட்டும். அவுடதமாகப் பெற்றதை அபயமாகத் திருப்பித் தருவோம். கடன் முற்றும் தீராது. ஆயினும் அதனைக் கடனென உணர்ந்து வாழ்தலே இல்லறத்தார்க்கு அழகு.