யாருக்கு வந்த குரல்?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம், என் நண்பர் ஒருவர் முகமெல்லாம் மலர்ச்சியோடு வீட்டுக்குள் நுழைந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் ஜெபம் செய்யாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடாதவர்.

“ஸார், என் மகள் விஷயமாகக் கர்த்தர் என்னோடு பேசிவிட்டார்” என்றார்.

பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தாராம். மூன்றாம் நாள், ‘இதையே முடித்துவிடு’ என்று உள்ளத்துக்குள் தெளிவாக ஒரு குரல் கேட்டதாம்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். அந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் எதிர்த்துப் பேசவில்லையாம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: “கல்யாணம் எனக்குத்தானே அப்பா? அப்படியானால் கர்த்தர் என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“பாருங்கள் ஸார், கடவுளையே கேள்வி கேட்கிறாள்!” என்று பொருமினார் நண்பர்.

அவள் கடவுளைக் கேட்கவில்லை, அப்பாவைத்தான் கேட்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புலப்படவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

கடவுள் மனிதனோடு பேசுகிறார் என்பது கிறிஸ்தவ வாழ்க்கையின் ஆதார நம்பிக்கை. அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால், பேசுகிறவர் கடவுளே ஆனாலும் கேட்கிறவன் மனிதன் அல்லவா? அவனுடைய ஆசையும், பயமும், குடும்ப கௌரவமும் அதே உள்ளத்துக்குள்ளிருந்துதான் பேசுகின்றன. அவையும் மெல்லிய குரலில், ஜெபவேளையில்தான் பேசுகின்றன. எது யாருடைய குரல் என்று பிரித்து அறிவது எப்படி?

வேதாகமத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. ஆலயத்தில் படுத்திருக்கும் சிறுவன் சாமுவேலை இரவில் யாரோ பேர் சொல்லி அழைக்கிறார்கள். கண் மங்கிய முதிய குரு ஏலிதான் அழைக்கிறார் என்று நினைத்து அவரிடம் ஓடுகிறான். தாம் அழைக்கவில்லை என்று அவர் திருப்பி அனுப்புகிறார். மூன்று முறை இப்படி நடந்த பிறகுதான் அழைப்பது கடவுள் என்று ஏலிக்குப் புரிகிறது. அடுத்த முறை குரல் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

ஏலி நினைத்திருந்தால், ‘ஆமாம், நான்தான் கூப்பிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். பையன் நம்பியிருப்பான். அவர் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் காலையில், கேட்டதை ஒளிக்காமல் சொல்லும்படி பையனை வற்புறுத்துகிறார். வந்த செய்தியோ அவருடைய குடும்பத்துக்கே விதிக்கப்பட்ட தண்டனை. அதையும் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறார். பிறருக்கு வரவேண்டிய குரலைத் தன் குரலால் மூடாமல் இருப்பதும் பக்திதான் என்பதை இந்த ஏலியிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் காலத்துக்கு அருகில் இன்னொருவர் உண்டு. 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் செல்லும் ரயிலில் அன்னை தெரசா தம்மை அழைக்கும் குரலைக் கேட்டார். அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீ, வயது 36. கடவுளே சொல்லிவிட்டார் என்று மறுநாளே அவர் தெருவில் இறங்கிவிடவில்லை. மேலதிகாரிகளிடம் சொன்னார், அவர்கள் சோதித்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். 1948-இல்தான் அனுமதி கிடைத்து மடத்தை விட்டு வெளியே வந்தார்.

பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியமானது. அவர் 1997-இல் காலமானார். அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வெளிவந்தபோதுதான், உள்ளே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இருளும் மௌனமும் குடிகொண்டிருந்தன என்பது உலகத்துக்குத் தெரிந்தது. குரல் நின்றுபோயிற்று, வேலை நிற்கவில்லை. கடவுள் தம்மோடு பேசுவதாக உணராமலேயே, சாகக் கிடந்தவர்களின் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் குரல் அவரிடம் கேட்டது அவருடைய வாழ்க்கையை. வேறு யாருடைய வாழ்க்கையையும் அல்ல. என் சுகத்தை விடச் சொல்லும் குரலை நான் நம்பிப் பார்க்கலாம். பிறருடைய சுகத்தை நான் தீர்மானிக்கும்படி சொல்லும் குரல் வந்தால், அதை இரண்டு முறையாவது திருப்பி அனுப்பத்தான் வேண்டும். உண்மையான குரலாக இருந்தால் அது மூன்றாம் முறையும் வரும். காத்திருப்பதால் கடவுளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நம் அவசரத்தால் ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுதும் நஷ்டம் வரலாம்.

சாமுவேலின் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் அந்த நண்பரேதான். அன்று மாலை அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார், காப்பி ஆறிப்போயிற்று. எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, “ஏலி பெரிய மனுஷர் ஸார்” என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை வீட்டாரிடம் தவணை கேட்டிருக்கிறாராம். கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் ஜெபம் முடிந்ததும் மகளை அருகே அழைத்து, “நீ என்னம்மா நினைக்கிறாய்?” என்று கேட்கிறாராம்.

அப்படிக் கேட்கச் சொன்னது யாருடைய குரல் என்று நான் விசாரிக்கவில்லை.