பெயரும் நாக்கும்

தென் கொரியாவில் பள்ளி விட்ட பிறகு குழந்தைகள் போகும் தனியார் பயிற்சிக்கூடங்களுக்கு ஹாக்வொன் என்று பெயர். ஆங்கிலம் சொல்லித்தரும் ஹாக்வொன்கள் பலவற்றில் எட்டு வயதுப் பையனுக்கு முதல் நாளே ஓர் ஆங்கிலப் பெயர் வந்துவிடுகிறது. வகுப்பு முடியும்வரை அவன் டேவிட். தெருவில் இறங்கியதும் மறுபடி அவனேதான். இதில் தவறு ஏதும் உண்டா?

1940இல் ஜப்பானிய ஆட்சி கொரியர்களை ஜப்பானியப் பெயர் பூணச் செய்தது. சுமார் 80 சதவீதம் பேர் பதிந்துகொண்டார்கள். பழைய பெயர்கள் சட்டப்படி திரும்பியது 1946இல். அதையும் இதையும் ஒன்றாக்குவது சுலபம், ஆனால் பொய். அது நிர்ப்பந்தம், இது விளையாட்டு. பையனே தனக்குப் பிடித்த பெயரைப் பொறுக்கிக்கொள்வதும் உண்டு. முகமூடி அணிந்தவனுக்குத் தப்புச் செய்யக் கூச்சமில்லை, தப்பு டேவிட்டுடையது. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. சௌகரியம் யாருக்கு? கொரிய மொழியில் எஃப் ஒலி கிடையாது. ஆருக்கும் எல்லுக்கும் சேர்த்து ஒரே எழுத்துதான். பையன் அவற்றை நூறு தடவை சொல்லிப் பார்க்கிறான். அவன் பெயரிலோ நம் குற்றியலுகரத்தை ஒத்த ஓர் உயிரொலி இருக்கலாம். அது ஆங்கிலத்தில் இல்லை. பெரும்பாலும் மூன்றே அசைகள் கொண்ட அந்தப் பெயருக்காக ஆசிரியரின் நாக்கு சிரமப்பட வேண்டாம் என்று ஏற்பாடாகியிருக்கிறது.

யார் இந்த ஆசிரியர்? இந்த வேலைக்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். ஆக, சம்பளம் அவர் படித்ததற்கு என்பதைவிடப் பிறந்ததற்கு. அதற்காக அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பிறப்பு யாருடைய சாமர்த்தியமும் அல்ல. ஆனால் உழைக்காமல் கிடைத்ததை விற்பவனுக்கு, உழைத்துக் கற்பவனிடம் ஒரு கடன் இருக்கிறது. கடன் என்ற சொல்லைத் தினமும் வங்கியில் புழங்குகிறவன் நான். இது எந்தப் பேரேட்டிலும் ஏறாத வகை.

தீர்க்கும் வழி எளியது: வருகைப் பதிவேட்டுப் பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகுவது. ஆசிரியர் பிழையாகச் சொல்வார். குழந்தைகள் சிரித்துத் திருத்தும். பெரியவர் ஒருவர் தங்கள் முன்னால் தடுமாறக் கண்ட வகுப்பில் தடுமாற்றம் அவமானமாகாது. முகமூடி தந்த தைரியத்தை இதுவும் தரும். அது டேவிட்டோடு போய்விடாமல் பையனிடமே தங்கும்.