பிறர் பெயரில் வாழ்ந்த கொடி

கோரிப்பாளையத்தில் ஒரு பழவண்டியின் அருகே நின்றிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பன்னீர் திராட்சை கருநீலக் குலைகளாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர் தம் இளைய மகனைக் காட்டி, “இவன் அண்ணன் இந்த வயசிலே எவ்வளவு சூட்டிகை தெரியுமா அண்ணே? இவன் மந்தம்” என்றார் வண்டிக்காரரிடம். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தத் தலைகுனிவு, தொலைதூரத்துத் திராட்சைக் கொடி ஒன்றை எனக்கு நினைவூட்டியது.

பிரான்சின் போர்தோ பகுதியில் கார்மெனேர் என்றோர் இனம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடியபோது அதுவும் அழிந்ததென்றே எண்ணினார்கள். ஆனால் அதன் கொடிகள் அதற்கு முன்பே கப்பலேறித் தென்னமெரிக்காவின் சிலி நாட்டை அடைந்திருந்தன. அங்கே மெர்லோ என்னும் வேறோர் இனத்தோடு கலந்து நடப்பட்டு, அதன் பெயராலேயே வழங்கின.

மெர்லோ முந்திப் பழுப்பது. கார்மெனேர் சில வாரங்கள் பிந்திப் பழுப்பது. இரண்டையும் ஒன்றாகவே அறுத்தார்கள். மதுவில் குடைமிளகாயின் பச்சை வாடை வீசிற்று. பழி கொடியின் மேல் விழுந்தது. 1994இல் ழான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் மைப்போ பள்ளத்தாக்கில் அக்கொடியை உற்றுப் பார்த்து, அது கார்மெனேர் என்று கண்டுசொன்னார். 1998இல் சிலி அரசும் அதை ஏற்றது. காத்திருந்து அறுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தச் செம்மது சிலியின் தனி அடையாளம்.

மதுவின் நன்மை தீமை இங்கே பேச்சல்ல. கொடி மாறவில்லை, மண் மாறவில்லை. அதைப் பார்த்த கண்தான் மாறியது. தவறான பெயர் வெறும் சொல்தானே என்கிறோம். இல்லை, அது ஓர் உயிருக்கு இன்னோர் உயிரின் பருவத்தைக் கெடுவாக வைத்துவிடுகிறது.

காத்திருப்பது எளிதன்று. பிந்தி அறுப்பவன் மழைக்கும் குளிருக்கும் அஞ்சியே காத்திருக்க வேண்டும். எல்லாப் புளிப்பும் காலத்தால் இனிப்பாகும் என்றும் சொல்ல முடியாது. ஆயினும், இது எந்தக் கொடி என்று பாராமலே அறுப்பது நியாயமாகுமா?

பன்னீர் திராட்சைக்கு மேனாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அது தெரியாமலே வாங்குகிறோம். அதனால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாம் சொல்லும் பெயர் அதன் மணத்துக்கே உரிய பெயர். அண்டைக் கொடியிடம் இரவல் வாங்கியதன்று.

தகப்பனார் பொட்டலத்தை வாங்கி மகன் கையில் கொடுத்தார். பையன் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஆர்வத்தோடு வண்டிக்காரரிடம் ஏதோ கேட்டான். தகப்பனார் அதற்குள் பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.